வளைந்து கொடுத்தல்

"கொஞ்சம் வளைந்து கொடுத்துப் போ" என்ற புத்திமதியைப் புகுந்த வீட்டுக்குப் புறப்படும் பெண்ணுக்குத் தாயும், புதிதாக உத்தியோகத்தில் அமர்ந்த இளைஞனுக்கு அநுபவம் முதிர்ந்த குமாஸ்தாவும், தொகுதிப் பங்கீட்டில் முரண்டு பிடிக்கும் கட்சிக்காரருக்குக் கூட்டணித் தலைவரும் ஏறத்தாழ ஒரே குரலில் சொல்லக் கேட்கிறோம். முழங்கால் வலி என்று போனவரிடம் மூட்டு சரியாக மடங்கவில்லை என்கிறார் வைத்தியர். தவணைக்கு அவகாசம் கேட்டவரிடம் விதி வளையாது என்கிறார் வங்கி மேலாளர். ஆலை முதலாளி வேலை நேரத்தில் நெகிழ்வு வேண்டும் என்கிறார். கல்லூரி மாணவனோ, புதுச் செருப்பையும் புதுக் கைபேசியையும் படம் பிடித்துப் போட்டுவிட்டு அதற்கும் 'ஃப்ளெக்ஸ்' என்றே பெயர் சூட்டுகிறான். இத்தனை இடங்களிலும் பேசப்படுவது ஒரே குணந்தானா, அது எந்த அளவுக்குப் போற்றத்தக்கது, எங்கே அது வேறொன்றாக மாறிவிடுகிறது என்பவை ஆராயத்தக்க கேள்விகள்.

இக்குணத்தைப் பற்றி நம் ஜனங்களுக்கு நெடுங்காலமாகவே இரண்டு அபிப்பிராயங்கள் இருந்து வருகின்றன. நேற்று 'அனுசரித்துப் போகத் தெரிந்தவர்' என்று கொண்டாடப்பட்டவரே இன்று 'முதுகெலும்பு இல்லாதவர்' என்று தூற்றப்படுவதை ஒவ்வோர் ஊரிலும் காணலாம். கூடா நட்பைப் பற்றிய அதிகாரத்தில் வள்ளுவர், பகைவரின் பணிவான பேச்சை நம்பாதே என்பதற்கு வில்லின் வணக்கத்தைச் சான்றாகக் காட்டினார். வில் வளைவது மரியாதைக்காக அல்லவே. வளைத்த கையின் பலம் முழுவதையும் தன்னுள் வாங்கி வைத்துக்கொண்டு, விட்ட கணத்தில் அதை அம்புக்குக் கொடுப்பதற்காகத்தான் அது வளைகிறது. வளைதலோடு மீள்தலும் சேர்ந்தே இருக்கிறது என்ற பௌதிக உண்மை அந்த உவமைக்குள் அடங்கியிருக்கிறது. எந்த இடத்திலும் வளையும் தன்மையை அதன் எல்லையோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்பதும், எல்லை கூறாமல் கேட்கப்படும் நெகிழ்வு சந்தேகத்துக்குரியது என்பதும் என் கட்சி.

இவ்விஷயத்தில் பண்டிதர்களைக் காட்டிலும் கைத்தொழிலாளிகளே மூத்த ஆசிரியர்கள். திருநெல்வேலிச் சீமையிலுள்ள பத்தமடையில் பாய் நெய்கிறவர்கள் கோரையை அறுத்து வந்து, வெயிலில் உலர்த்தி, ஓடும் நீரில் பல நாள் ஊறப் போட்டு, மறுபடி உலர்த்தி, கூரிய கத்தியால் நூலினும் சற்றே பருத்த இழைகளாக வகிர்ந்து எடுத்த பிறகே தறியில் ஏற்றுகிறார்கள். ஆற்றங்கரையில் முரடாக நின்ற புல், முடிவில் பட்டைப் போல மடித்து வைக்கத்தக்க பாயாகிறது. கூடை முடைகிறவர் மூங்கிலைப் பிளாச்சுகளாகப் பிளக்கும்போது, நார் நெருங்கியிருக்கும் வெளித்தோல் பக்கத்தைப் பலம் வேண்டிய இடத்துக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்கிறார். பிரம்பு நாற்காலி செய்கிறவர் பிரம்பைத் தீயில் வாட்டி, இளகிய நிலையில் வளைத்து, ஆறும் வரை பிடித்திருக்கிறார். ஊறல், பிளத்தல், வாட்டல் என்ற இம்மூன்றும் மூன்று வேறு உபாயங்கள். மூன்றிலும் வஸ்துவின் பொறுமை எது வரை என்பது தொழிலாளியின் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. 'இனி முறியும்' என்று ஒரு சின்னச் சத்தத்திலேயே உணர்ந்து கையை நிறுத்திக்கொள்ளும் அந்த ஞானம் எந்தப் புஸ்தகத்திலும் எழுதப்பட்டதன்று.

புஸ்தகத்தில் எழுதியவர்களும் உண்டு. 1638 இல் வெளியான தமது இரு புதிய சாஸ்திரங்களைப் பற்றிய நூலில், சுவரில் ஒரு முனை பதிந்த உத்தரம் மறுமுனையில் சுமை ஏற்றினால் எங்கே முறியும் என்று கலிலியோ கணக்கிட முற்பட்டார். கணக்கில் பிழை இருந்ததாயினும், பலகையைப் படுக்கையாக வைப்பதைவிடச் செங்குத்தாக நிறுத்தினால் ஏன் அதிகம் தாங்குகிறது என்பதை விளக்கிவிட்டார். இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக், இழுப்பு எவ்வளவோ விசையும் அவ்வளவே என்ற விதியை முதலில் எழுத்துக்களைக் கலைத்துப் போட்ட புதிராக 1676 இல் அச்சிட்டு, இரண்டாண்டு கழித்து அதை அவிழ்த்து வெளியிட்டார். பிறர் திருடிவிடுவார்களோ என்ற பயம் விஞ்ஞானிகளுக்கும் உண்டு. அவர் தம் நூலுக்கு இட்ட பெயர் மீளும் சக்தியைப் பற்றிய விரிவுரைகள் என்பதாகும். வளையும் சக்தியைப் பற்றியன என்று அவர் பெயரிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவருடைய விதியும் ஓர் எல்லை வரைதான் செல்லும். அதைக் கடந்த கம்பி நீண்டது நீண்டபடி, வளைந்தது வளைந்தபடி நின்றுவிடும்.

வளையும் தன்மை முழுவதும் பொருளின் சுபாவம் என்று எண்ணிவிடவும் கூடாது; உருவத்துக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. மின்சாரச் சாமான் கடையில் போய் இஸ்திரிப் பெட்டிக்கு ஒயர் கேட்டால், "இருபத்து மூணு முப்பத்தாறா, நாப்பது முப்பத்தாறா?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். நாப்பது முப்பத்தாறு என்றால் 36 கேஜ் மெல்லிய செம்பிழைகள் 40 சேர்ந்த முறுக்கு என்று பொருள். ஓர் இழையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. இந்த 40 இழைகளிலும் உள்ள செம்பைக் கூட்டிப் பார்த்தால், 18 கேஜ் ஒற்றைக் கம்பியில் உள்ள செம்புக்கு ஏறத்தாழச் சமமாக இருக்கும். ஆயினும் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று தடையின்றி வழுக்குமானால், முறுக்கின் விறைப்பு ஒற்றைக் கம்பியின் விறைப்பில் நாற்பதில் ஒரு பங்குதான். மின்சாரம் இரண்டிலும் ஒன்றுபோலவே பாயும். ஒற்றைக் கம்பியை இஸ்திரிப் பெட்டிக்குப் போட்டாலோ நாலு மாதத்தில் அது முறிந்து போகும். கண்ணாடியைப் போல் சட்டென்று நொறுங்கும் வஸ்து வேறில்லை என்பது உலக அநுபவம். அந்தக் கண்ணாடியையே 125 மைக்ரான் கனமுள்ள இழையாக இழுத்துவிட்டால், அது நூலைப் போல் உருளையில் சுற்றிக்கொள்கிறது. கடலடியில் கண்டம் விட்டுக் கண்டம் செய்தி கொண்டு போவது அவ்விழைதான்.

ஒரு முறை வளைந்து மீள்வது வேறு, நாள்தோறும் வளைந்து மீள்வது வேறு. கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியுமாகப் பத்துத் தடவை மடக்கிக் கையாலேயே முறிக்காத சிறுவன் கிடையாது. 1842 மே மாதத்தில் பிரான்ஸில் வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் இஞ்சின் அச்சு முறிந்து, வண்டிகள் தீப்பற்றி ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, நல்ல இரும்பு ஏன் திடீரென்று உடைந்தது என்பது யாருக்கும் விளங்கவில்லை. பிரஷ்ய ரயில்வேயில் பணியாற்றிய ஆகஸ்ட் வோலர் பல்லாண்டு காலம் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்து, ஒரே தடவையில் உடைக்கப் போதாத சுமையும் லட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப ஏற்றப்பட்டால் உடைத்துவிடும் என்றும், எஃகுக்கு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே எத்தனை தடவை ஏற்றினாலும் அபாயமில்லை என்றும் நிரூபித்தார். உலோகத்துக்கும் களைப்பு உண்டு என்று பொறியியலார் பேசத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். களைப்பு வெளியே தெரிவதில்லை. முறிகிற நாள் வரை அச்சு பளபளப்பாகவே இருக்கும்.

மெல்லியதாகச் செய்தால் வளையும், வளைந்தால் முறியாது என்ற நம்பிக்கையும் ஒரு காலத்தில் எல்லை மீறிப் போயிற்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா நீரிணைமேல் 1940 ஜூலை 1 அன்று திறக்கப்பட்ட தொங்கு பாலத்தின் நடு இடைவெளி 2,800 அடி. அதன் தளத்தைத் தாங்கிய எஃகுத் தகடோ வெறும் 8 அடி ஆழம். லேசான காற்றிலேயே தளம் அலையலையாக எழுந்து தாழ்ந்தது. ஜனங்கள் பயப்படுவதற்குப் பதிலாக அதற்குச் செல்லப் பெயர் வைத்து, அந்த ஆட்டத்தை அநுபவிப்பதற்கென்றே கட்டணம் கொடுத்து வண்டி ஓட்டிப் போனார்கள். நவம்பர் 7 காலையில் மணிக்கு 67 கிலோமீட்டர் வேகத்தில், புயல் என்று சொல்லத் தகாத காற்று ஒன்று வீசியது; தளம் மேலும் கீழும் ஆடுவதை விட்டு முறுக்கிக்கொள்ளத் தொடங்கிற்று; ஒவ்வொரு முறுக்கும் காற்றிலிருந்தே அடுத்த முறுக்குக்கு வேண்டிய சக்தியை வாங்கிக்கொள்ள, முன்பகலிலேயே பாலம் நீரில் விழுந்தது. நாய் ஒன்றைத் தவிர உயிர்ச்சேதம் இல்லை. 1950 இல் அதே இடத்தில் எழுந்த பாலத்துக்கு 33 அடி ஆழமுள்ள சட்டகம் பூட்டினார்கள். வளைவை அஞ்சி விலக்கவேண்டும் என்பதற்கு இது சாட்சி ஆகாது. விமான இறக்கை வளைந்தே ஆக வேண்டும். போயிங் 787 விமானத்தின் இறக்கைகளை 2010 இல் சோதனைக் கூடத்தில், பறப்பில் எதிர்பார்க்கத்தக்க உச்சச் சுமையின் ஒன்றரை மடங்குக்கு ஏற்றியபோது, முனைகள் 25 அடி அளவுக்கு மேலெழுந்தும் முறியாமல் நின்றன. டகோமாவில் வளைவுக்கு எல்லை ஆராயப்படவில்லை. இங்கே எல்லை ஆராயப்பட்டு எழுத்தில் இருந்தது.

மீளாத வளைவும் பயன்படுகிற இடம் ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பூகம்பத்தில் கட்டடம் வளைந்து நின்றுவிட்டாலும் போதும், இடிந்து விழாதிருந்தால் உள்ளே இருப்பவர் பிழைத்து வெளியே வருவார் என்பது நில நடுக்கப் பொறியியலின் அடிப்படை. கான்கிரீட் தூணில் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கம்பி கட்டுகிறவர்கள் பூட்டும் 'ரிங்'கின் முனையை 135 பாகை மடக்கித் தூணின் உட்பக்கமாகச் செருக வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் விதிக்கிறது. வேலைத் தளத்தில் பெரும்பாலும் நடப்பது என்ன? 90 பாகையோடு மடக்கி விட்டுவிடுகிறார்கள். அப்படி மடக்குவது சுலபம், மேஸ்திரியும் கேட்பதில்லை. குலுக்கலில் மேற்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும் அந்த 90 பாகைக் கொக்கி விரிந்து கொடுக்கும், நெடுங்கம்பிகள் வெளிப்புறமாகப் பிதுங்கும், தூண் நொறுங்கும். 2001 ஜனவரி 26 அன்று கச்சில் எழுந்த பூகம்பம், இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஆமதாபாத்தில்கூடப் பல மாடிக் கட்டடங்களை வீழ்த்தியதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இவ்வகைக் கம்பி வேலையின் குறையும் ஒன்று. நாற்பத்தைந்து பாகை அதிகம் வளைக்கச் சோம்பியதன் விலை அது.

தமிழ்நாட்டுத் தெருவில் இன்று 'ப்ளெக்ஸ்' என்றால் அர்த்தம் ஒன்றே: கலியாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சி மாநாடு எதுவாயினும் முச்சந்தியில் எழும் பிளாஸ்டிக் பதாகை. இதன் மூலப்பொருளான பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, வீட்டுக்குத் தண்ணீர் கொண்டு வரும் குழாயாக அதைக் காண்கிறோம். அமெரிக்காவில் வால்டோ செமன் என்ற ரசாயனி 1926 இல், ரப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசை ஒன்றைத் தேடிய முயற்சியில், இதைச் சில எண்ணெய்த் திரவங்களோடு சேர்த்துக் காய்ச்சித் துவளச் செய்யும் வித்தையைக் கண்டுபிடித்தார். பாலியஸ்டர் வலையின்மேல் அந்தத் துவளும் பூச்சைப் படிய வைத்ததே நம் பதாகை. அதில் அச்சாகும் உருவமோ மீசையை முறுக்கி, புஜத்தை மடக்கி நிற்கிறது. புஜத்தை மடக்கிக் காட்டி ஜனங்களைக் கூட்டும் கலையை உலகெங்கும் பரப்பிய ஜெர்மானியர் யூஜென் சாண்டோ 1904-05 இல் இந்தியாவுக்கும் வந்து போனார். அவர் பெயர் நம் கையில்லாப் பனியனிலும், படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரின் பட்டத்திலும் ஒட்டிக்கொண்டது. கல்லூரி மாணவன் இன்று போடும் 'ஃப்ளெக்ஸ்' அந்த மடக்கிய புஜத்தின் பேரப்பிள்ளைதான். நம் கிராமத்தார் இதற்குப் பந்தா என்றும் கெத்து என்றும் வைத்திருந்த பெயர்களில் யாதொரு குறைவும் இல்லை. வீண் பெருமை சிரித்துவிட்டுப் போகத்தக்கதாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில், சாலை நடுவே கட்டியிருந்த பதாகை ஸ்கூட்டரில் போன இளம்பெண்மேல் சரிந்து, அவர் நிலைகுலைந்து விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி அவர் உயிரிழந்தார்.

சரீரத்துக்கு வருவோம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்ற பழமொழியை அங்க விஷயத்தில் முழு உண்மை என்று கொள்ள இயலாது. வயது ஏற ஏற இணைப்புத் திசுக்கள் விறைத்து மூட்டின் வீச்சு குறைவது மெய்யே. ஆயினும் முறையான பயிற்சியால் முதியவருக்கும் வீச்சு கூடுகிறது. சில வாரம் ஆசனம் பழகியவர் குனிந்து கால் விரலைத் தொட்டுவிடுவதற்குத் தசை நீண்டுவிட்டது காரணம் என்று வெகுகாலம் நினைத்தார்கள். இழுபடும் உணர்ச்சியைப் பொறுக்கும் சக்தி மிகுவதே தொடக்கத்தில் பெரும் காரணம் என்று பிந்திய ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. முழங்கையை மடக்கும்போது முன்புறத் தசை இறுக, பின்புறத் தசை நரம்பின் கட்டளையால் தானே தளர்ந்து கொடுக்கிறது. ஒன்றின் இறுக்கத்துக்கு மற்றொன்றின் தளர்ச்சியைச் சேர்த்து வைக்கும் இந்த ஏற்பாட்டை ஆராய்ந்து விளக்கிய ஷெரிங்டன், நரம்பணுக்களின் செயல்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1932 இல் நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டார். மிதமிஞ்சி வளைவதும் ஆரோக்கியம் ஆகாது. கட்டை விரலை மடக்கி முன்கையைத் தொடுகிறவர்களைப் பார்த்து வியக்கிறோம். அத்தகைய சிலருக்கு மூட்டு அடிக்கடி நழுவும், வலி ஓயாது. இதை அளக்க ஒன்பது புள்ளிகள் கொண்ட ஓர் அளவுகோலை வைத்தியர்கள் வைத்திருக்கிறார்கள்.

சங்கீதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வீணையில் மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஸ்வரத்தை மேலேற்றி, மறுபடி விட்டு வாங்குவதில்தான் கமகம் பிறக்கிறது. அந்த வசதி இல்லாத ஹார்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 இல் விலக்கி வைத்தது. சற்றுக் கடுமையான தீர்ப்பு என்றே நினைக்கிறேன், ஆனால் காரணம் காரணந்தான்.

ராஜ்யங்களின் அடிப்படைச் சட்டங்களையும் வளைவன, விறைப்பன என்று இரு ஜாதியாகப் பிரித்தவர் ஜேம்ஸ் பிரைஸ். சாதாரணச் சட்டத்தைப் போலவே பார்லிமெண்டு மாற்றிவிடத்தக்க பிரிட்டிஷ் அமைப்பு முதல் ஜாதி; தனி முறை வேண்டும் அமெரிக்க அமைப்பு இரண்டாவது. இந்திய அரசியல் சட்டம் இரண்டுக்கும் இடைப்பட்டது. 1952 மார்ச்சில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்றிய ஐவர் ஜென்னிங்ஸ், அது மிக நீண்டது, ஆகவே மிக விறைப்பானது என்று அபிப்பிராயப்பட்டார். அவர் அப்படிப் பேசுவதற்குள்ளாகவே அது ஒரு முறை வளைக்கப்பட்டிருந்தது. அதுவும் சென்னையில் எழுந்த வழக்குகளின் பலனாக. கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட சென்னை அரசாங்க உத்தரவு செல்லாது என்று செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக் கூறியது. அதே ஆண்டு ஜூனில் வந்த முதல் திருத்தம், பின்தங்கிய வகுப்பினருக்கு விசேஷ ஏற்பாடு செய்ய இடம் தந்து பதினைந்தாம் ஷரத்தில் ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. அதே திருத்தம் பேச்சுரிமைக்குப் புதிய கட்டுப்பாடுகளையும் கொண்டு வந்தது. முன்னதை வரவேற்கிறவர்கள் பின்னதை மறந்துவிடுகிறார்கள். 2023 முடிய 106 திருத்தங்கள் ஆயின. ஜென்னிங்ஸ் பயந்த விறைப்பைக் காணோம். அதற்கு எதிரான பயமே வலுத்தது. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் எழுவர், திருத்தும் அதிகாரம் அடிப்படை அமைப்பை அழிக்கும் அளவுக்குச் செல்லாது என்று தீர்ப்பளித்தனர். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் பிறந்த எல்லை அது, ஆயினும் எல்லை.

பொருளாதார நூலார் 1890 இல் ஆல்பிரட் மார்ஷல் வகுத்துத் தந்த வழியில், விலை ஏறினால் தேவை எவ்வளவு குறைகிறது என்பதையும் நெகிழ்ச்சி என்றே பெயரிட்டு அளந்து வருகிறார்கள். உப்பு விலை ஏறினாலும் உப்பைக் குறைக்க இயலாது, பட்டுச் சேலையைத் தள்ளிப் போடலாம் என்பது குடும்பம் நடத்தும் எவருக்கும் தெரிந்ததாகையால் இங்கே நிற்க வேண்டியதில்லை.

நிற்க வேண்டிய இடம் தொழிலாளரின் நேரம். விரும்பிய நேரத்தில் வேலைக்கு வரும் ஏற்பாடு 1967 இல் ஜெர்மனியில் மியூனிக் நகருக்கு அருகே ஒட்டோப்ரூன் என்ற ஊரில், விமானத் தொழில் கம்பெனி ஒன்றில் தொடங்கிற்று. காலையிலும் மாலையிலும் வாயிலில் வாகனங்கள் மொய்த்து நெரிசல் உண்டானதால், குறிப்பிட்ட நடுநேரத்தில் மட்டும் எல்லோரும் இருக்க வேண்டும், வருவதையும் போவதையும் அவரவரே தீர்மானித்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். அங்கே வளைந்தது கடிகாரம்; மனிதன் தன் சௌகரியப்படி இருந்தான். அதே வார்த்தை அரை நூற்றாண்டில் பக்கம் மாறிவிட்டது. உணவுப் பொட்டலத்தை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் வாலிபனிடம், உனக்கு எஜமானன் இல்லை, நினைத்தபோது வேலை செய்யலாம் என்கிறார்கள். மழை இரவிலும் அவன் வண்டியை நிறுத்தாமல் இருப்பதற்குக் காரணம் ஊக்கத்தொகைக் கணக்கு என்பதை மட்டும் சொல்வதில்லை. 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம்தான் இத்தகையவரை முதன்முதலாகச் சட்டத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது.

1948 ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் நாளைக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று எல்லை கட்டியது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறிய திருத்த மசோதா, தினசரி நேரம், வாராந்தர விடுமுறை, இடைவேளை, மிகை நேர ஊதியம் முதலியவற்றைப் பற்றிய ஷரத்துகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை அரசாங்கத்துக்குக் கொடுத்தது. வாரத்துக்கு 48 மணி மாறாது, நான்கு நாள் 12 மணி உழைத்து மூன்று நாள் ஓய்வு பெறலாம், விரும்பினால் மட்டுமே என்று அமைச்சர்கள் விளக்கினார்கள். விளக்கம் நேர்மையானதாகவே இருக்கலாம். ஆனால் விருப்பத்தை யார் கேட்பது, மறுத்தவனின் வேலைக்கு என்ன காப்பு என்பதுதான் தொழிலாளிக்கு வேண்டியிருந்தது. தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே தினத்தன்று மசோதா திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். அது திரும்பப் பெறப்பட்டது நியாயமே என்பது என் தீர்மானம். இனி எந்த அரசாங்கமும் உழைப்பு நேரத்தில் நெகிழ்வு கோருமானால், நாளொன்றுக்கு உச்ச அளவு எத்தனை மணி, இடையில் ஓய்வு எத்தனை நிமிஷம், மிகை நேரத்துக்குக் கூலி என்ன, மறுத்தவனை வேலையைவிட்டு நீக்கத் தடை உண்டா என்ற நான்கையும் மசோதாவின் ஷரத்துகளிலேயே எழுதிச் சபையில் வைக்க வேண்டும். பின்னால் உத்தரவில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், உறுப்பினர்கள் அதற்கு வாக்களிக்கக் கூடாது.